ஏழு கன்னியரும் ஏழு நாய்களும்

மெய்யும் பொய்யும் – 11

காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டு வந்தார்கள். கங்குந்தி, இன்றைய ஆந்திரத்தின் குப்பம் பக்கத்துச் சீமை. வேளாளர்கள் இளக்காரமாகப் பேசித் திருப்பி அனுப்பினார்கள். ஆத்திரமடைந்த வேடர்கள் வேளாளர் குலத்துக் கன்னிப் பெண்கள் ஏழு பேரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக்கொண்டு காரியம் பண்ணிவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தட்டுத்தடுமாறி அக்கரை சேர்ந்தார்கள். பாதி ஆறு நீந்திய நாய்கள் திரும்பி, வந்த வழியே காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தன. நாய்களைக் கண்ட மனைவியர் கணவன்மார் இறந்தார்கள் என்று முடிவுகட்டி ஈமக் காரியங்களைச் செய்து முடித்தார்கள். அந்த ஏழு பேரோ வேடர்களைக் கொன்று, வென்றவர்களாக ஊர் திரும்பினார்கள். ஊர் அவர்களை ஏற்கவில்லை. காரியம் முடிந்துவிட்டது, மனைவியர் கைம்பெண்கள் ஆகிவிட்டார்கள், சாத்திரப்படி அந்த ஆண்கள் செத்தவர்கள். சாதியில் இடமில்லாமல் போன ஏழு பேரும் வேடர் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலையேறி, காடு திருத்திப் பயிர் செய்தார்கள்.

ஜவ்வாது மலையாளிகளின் குலக்கதை இது. கேரளத்தாரோடு இவர்களுக்கு உறவில்லை. தமிழ் பேசும் மலைக்குடிகள்; சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன் மலைகளிலும் இதே பெயரில் வாழ்கிறார்கள்; அரசின் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். கதையை அச்சேற்றியது வட ஆற்காடு மாவட்டக் கையேடு. ஏ. எஃப். காக்ஸ் 1881இல் தொகுத்த அந்த நூலை எச். ஏ. ஸ்டூவர்ட் 1890களில் திருத்தி விரித்தார். அங்கிருந்து அது சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற ஏழு தொகுதி நூலுக்கு 1909இல் போய்ச் சேர்ந்தது. சம்பவம் 12ஆம் நூற்றாண்டில் நடந்ததாகக் கதை காலமும் குறிக்கிறது.

நடந்ததா, இல்லையா என்பது நமக்கு முக்கியமில்லை. எதை விட்டது, எதைப் பிடித்துக்கொண்டது என்பதில்தான் ஒரு குலக்கதையின் வரலாறு இருக்கிறது. கன்னிப்பெண்களின் மானத்துக்காகப் புறப்பட்ட பயணம் இது. ஆனால் கதை முடியும்போது அந்த ஏழு பெண்களையும் யாரும் தேடுவதில்லை. மலையில் ஒரு குலம் பிறக்கிறது. அதன் தாய்கள் காஞ்சிபுரத்துக் கன்னியர் அல்லர், வேடர் பெண்கள். அவர்கள் முன்பு யாரோடு வாழ்ந்தவர்கள் என்று கதை ஒரு சொல்லும் கேட்கவில்லை. தூய்மையை முன்வைத்துத் தொடங்கிய ஒரு கதை, தூய்மை பார்த்தவர்கள் கதவடைத்ததால் மலையேறி, அங்கே அந்தக் கேள்வியையே இறக்கி வைத்துவிட்டது.

கன்னிமைக்கு அத்தாட்சி கேட்டது யார், எப்போது, எதற்காக என்பதுதான் இந்தத் தொடரின் கேள்வி. இதுவரை மேற்கில் தேடினோம். இந்த இதழில் நம் மலைக்கும் அதன் அடிவாரத்துக்கும் வருவோம்.

மேற்கில் பார்த்தவை

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக முந்தைய இதழ்களின் சாரம். ரோமாபுரியில் வெஸ்டா தேவியின் அணையா நெருப்பைக் காத்த கன்னியர் ஆறு பேர். முப்பது ஆண்டுப் பணி. விரதம் முறிந்தது என்று தீர்ப்பானால் உயிரோடு புதைப்பு. குற்றச்சாட்டுகள் எப்போது எழுந்தன என்று பார்த்தால் விஷயம் விளங்கும். கி.மு. 216இல் கன்னே போரில் ஹன்னிபாலிடம் ரோம் படுதோல்வி அடைந்த கையோடு இரண்டு கன்னியர்மீது பழி விழுந்தது. நகரத்தின் பயத்துக்குப் பெண்ணின் உடல் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பழைய ஏற்பாட்டின் உபாகம நூலில், மணமகள் கன்னியல்ல என்று கணவன் பழி சொன்னால் பெற்றோர் ஊர்ப் பெரியவர்கள் முன் மணப்படுக்கைத் துணியை விரித்துக்காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. திருச்சபை கன்னிமையைத் திருமணத்துக்கு மேலே உயர்த்தியது. லூத்தர் 1525இல் முன்னாள் கன்னியாஸ்திரி கத்தரீனாவை மணந்து அந்த ஏணியைத் தட்டிவிட்டார். 1563இல் திரெந்து சங்கம், திருமண நிலையே மேல் என்பவர் சபைக்குப் புறம்பானவர் என்று அறிவித்து ஏணியை மறுபடி நிறுத்தியது.

மருத்துவர்களிடம் ஒருமித்த கருத்து ஒருநாளும் இருந்ததில்லை. ரோமில் தொழில் செய்த கிரேக்க மருத்துவர் சொரானஸ், வழியை அடைத்து நிற்கும் சவ்வு எதுவும் கிடையாது என்று சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் வெசாலியஸ் பிணங்களை அறுத்துப் பார்த்து உண்டு என்றார். அதே நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, அப்படி ஒன்று எல்லாப் பெண்களிடமும் இருப்பதாகச் சொல்ல முடியாது என்றார். மருத்துவம் முடிவு சொல்லாத விஷயத்தில் நீதிமன்றமும் மாமியாரும் மட்டும் தயங்காமல் தீர்ப்புச் சொன்னார்கள்.

மலை கேட்ட கணக்கு

இப்போது ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதி. நடுநாயகமாக ஜமுனாமரத்தூர். சாமையும் தினையும் விளையும் மேட்டு நிலம்; புளி, தேன், கடுக்காய் என்று காட்டுப் பண்டங்கள். களை எடுப்பதிலிருந்து சாமை குத்துவதுவரை பெண்ணின் கை படாத வேலை கிடையாது. ஒரு பெண் மணமாகிப் போனால் பிறந்த வீட்டில் ஓர் உழைப்பாளி குறைகிறார். அந்த இழப்புக்கு மாப்பிள்ளை வீடு ஈடு கொடுக்க வேண்டும். அதுதான் பரிசம்.

பரிசம் கொடுக்கும் சமூகத்தில் கேள்விகள் வேறு மாதிரி எழும். பெண் உழைப்பாளியா, ஊர்ச் சம்மதம் உண்டா, பேசிய பரிசம் கைக்கு வந்ததா என்று பார்ப்பார்கள். தர்ஸ்டனும் சேலம் மாவட்டக் கையேட்டை 1883இல் எழுதிய லெஃபானுவும் 1918இல் சேலம் கெசட்டியரை எழுதிய ரிச்சர்ட்ஸும் மலையாளிகளின் மணமுறைகளைப் பற்றித் தந்த செய்திகளைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கிறது. கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம். கணவனைப் பிரிந்த பெண் வேறொருவனோடு வாழப் போகலாம். ஊர்ப் பஞ்சாயத்து உட்கார்ந்து கொடுக்கல் வாங்கலைத் தீர்த்துவைக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் தாலி கட்டியவன் கணக்கில் சேருவார்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் மலை கறாராக இருந்தது: அவன் தம் இனத்தானாக இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் விலக்கிவைப்பு.

பிரிட்டிஷ் அதிகாரிகள் இதையெல்லாம் பதிவு செய்த தொனி தனிக் கதை. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். மணப்பெண் வெள்ளை உடுத்தி வருவது அங்கே நாகரிகமாகியிருந்த காலம். மலைப்பெண்ணின் மறுமணத்தை அவர்கள் ஒழுக்கத் தளர்வாகக் கண்டார்கள். கொல்லிமலையில் சிறுவர்களுக்கு வளர்ந்த பெண்களை மணமுடிக்கும் வழக்கத்தை எழுதும்போது பேனாவே முகம் சுளிப்பது தெரியும். பதிவு நமக்குப் பயன்படுகிறது. அந்தச் சுளிப்பை நாம் சுமக்க வேண்டியதில்லை.

அதற்காக மலையைச் சொர்க்கமாக்கிவிடவும் கூடாது. பிள்ளைகள் கணவன் கணக்கு என்றால் பிரிந்து போகும் தாய்க்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்க்கலாம். பஞ்சாயத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்கள் ஆண்கள். பெண்ணின் உழைப்பும் வயிறும் அங்கேயும் கணக்கில்தான் இருந்தன. மணமாவதற்கு முன் அந்த உடல் எப்படி இருந்தது என்பதற்கு மட்டும் தனிப் பேரேடு போடவில்லை.

அடிவாரத்தில் வேறு கணக்கு

சமவெளித் தமிழகத்தின் பழைய இலக்கணமும் பேரேடு போடவில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவு என்றே ஓர் இயல் இருக்கிறது. ஊரறியாத சந்திப்பு, தோழியின் உதவி, உண்மையை வீட்டாரிடம் சொல்லி மணத்துக்கு வழி செய்தல் என்று மணத்துக்கு முந்தைய காதலின் படிகளை ஒழுங்காக வகுத்து வைத்திருக்கிறது. களவில் சந்தித்தவர்கள் மணம் முடித்துக் குடும்பமாவது அங்கே இயல்பான நடை.

விலகி வாழும் கன்னிமைக்கும் நம்மிடம் தனி மதிப்பு இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரேயக் கடற் பயணம்' குமரி முனையைக் குறிப்பிடுகிறது: அங்கே ஆணும் பெண்ணும் நீராடித் துறவு பூண்டு தங்குகிறார்கள், ஒரு தெய்வப்பெண் அங்கே வாழ்ந்து நீராடியதாக நம்புகிறார்கள் என்று. ஏரிக்கரைகளில் ஏழு கல்லாக நிற்கும் கன்னிமார் இன்றும் பொங்கல் வாங்குகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கன்னி மரியாளைத் தமிழ்க் காப்பியத்துக்குள் கொண்டுவந்தார். 'தேம்பாவணி' 1726இல் முடிந்தது. புதுச்சேரியில் 1748இல் கார்மேல் கன்னியர் மடம் தோன்றியது. அந்தக் கன்னிமை பெண் தானே எடுத்துக்கொண்ட விரதம் என்ற அளவில் ஊர் அதைப் புரிந்துகொண்டது.

குடும்பத்துக்குள் இருந்த கன்னிமையின் போக்கு வேறு. நிலமும் சாதியும் இறுகிய இடங்களில், மேல்தட்டுச் சாதிகள் ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்திருந்தன: பெண் ஆளாகும் முன்பே மணம் முடித்துவிடுவது. சோதிக்க வேண்டிய தேவையே எழாதபடி குழந்தையாக இருக்கும்போதே கைமாற்றிவிடுவது. காஞ்சிபுரத்துக்கும் ஜவ்வாது மலைக்கும் இடையே ஓடும் பாலாறு, நம் குலக்கதையில் இரண்டு கணக்குகளுக்கு நடுவே ஓடுகிறது.

சட்டம் கேட்ட அத்தாட்சி

மேற்கின் கன்னிமைக் கவலை நம் நாட்டுக்குள் தேவாலயத்தின் வழியாக வந்ததைவிட நீதிமன்றத்தின் வழியாகத்தான் ஆழமாக இறங்கியது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் மனைவிக்குப் பத்து வயது நிரம்பினால் போதும், கணவனைக் கேட்க முடியாது என்றது. 1889இல் வங்காளத்தில் பூல்மணி தாசி என்ற சிறுமி, தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த கணவனின் வன்முறையில் இரத்தம் பெருகி இறந்தாள். அவளுக்குப் பத்து கடந்திருந்தது. எனவே வன்புணர்ச்சிக் குற்றம் நிற்கவில்லை. கவனக்குறைவால் கொடுங்காயம் என்ற பிரிவில் கணவன் ஹரி மைத்திக்கு ஓராண்டுச் சிறை. அந்தச் சாவு கிளப்பிய கொந்தளிப்பில்தான் 1891இல் இசைவு வயது பன்னிரண்டாக உயர்ந்தது. அதற்கே மதம் போய்விட்டது என்று திலகர் உட்படப் பலர் எதிர்த்தார்கள்.

இன்னொரு கதவு, 1872இன் சாட்சியச் சட்டம். அதன் 155ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, வன்புணர்ச்சி வழக்கில் புகார் சொல்லும் பெண் பொதுவாக ஒழுக்கக்கேடானவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்க எதிர்த்தரப்புக்கு வழி விட்டது. ஒழுக்கக்கேட்டை எப்படிக் காட்டுவது? மருத்துவரைக் கேட்டார்கள். நார்மன் செவர்ஸ் 1856இல் வங்காளத்துக்காக எழுதிய மருத்துவச் சட்ட நூல் முதல், 1920இல் வந்து இன்றுவரை பதிப்புக் காணும் மருத்துவர் மோடியின் பாடநூல் வரை, இந்தியப் பெண் பொய்ப்புகார் சொல்லக்கூடியவள் என்ற சந்தேகம் இழையோடியது. கன்னிமைக்கு மோடியின் நூலில் தனிப் பகுதியே இருந்தது. சவ்வு கிழிந்ததா, எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்து 'உறவுக்குப் பழகியவள்' என்று எழுதும் வழக்கம் மருத்துவமனைப் படிவத்தில் ஏறி உட்கார்ந்தது. இரண்டு விரல் சோதனை என்று பிறகு பெயர் பெற்றது இதுதான். சொரானஸ் இல்லை என்றதையும் பாரே சந்தேகப்பட்டதையும் நம் தாலுகா மருத்துவமனை உண்டென்று நம்பிச் சான்றிதழ் கொடுத்தது.

இந்த வலையில் முதலில் சிக்குபவர்கள், கன்னிமைக்குக் கணக்கு வைக்காத சமூகத்துப் பெண்கள்தாம். 1972இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவல் நிலையத்துக்குள் காவலர்களால் சிதைக்கப்பட்டாள். மதுரா வழக்கு என்று வரலாறு அதை அறியும். அவள் உறவுக்குப் பழகியவள் என்று 1974இல் விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகளை விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. உடலில் காயமில்லை, எதிர்ப்பு இல்லை என்றது. உபேந்திர பக்சி உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடலும் அதன்பின் எழுந்த பெண்கள் இயக்கமும் சேர்ந்து 1983இல் சட்டத்தைத் திருத்த வைத்தன. ஆனால் 155(4) அசையவில்லை.

வாச்சாத்தி

ஜவ்வாது மலைக்குத் தெற்கே, அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. இங்கே வாழ்பவர்களும் மலையாளிகளே. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 269 பேர் ஊருக்குள் இறங்கினார்கள். ஆலமரத்தடியில் ஊரைக் கூட்டி அடித்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள். பிறகு பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்தே சிறைக்கு அனுப்பினார்கள்.

சம்பவம் நடக்கவே இல்லை என்றது அன்றைய அரசுத் தரப்பு. கடத்தல்காரர்கள் வழக்கிலிருந்து தப்பக் கட்டிய கதை என்றார்கள். அரசு ஊழியனின் சொல்லுக்கு இருந்த எடை மலைப்பெண்ணின் சொல்லுக்கு இல்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் பிடித்தபின் 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் வழக்கைக் கொடுத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. 17 பேர்மீது வன்புணர்ச்சிக் குற்றம் உறுதியானது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார் நீதிபதி பி. வேல்முருகன். தீர்ப்புக்கு முன் அவர் மலையடிவாரத்துக்கே போய் ஊரைப் பார்த்து வந்திருந்தார்.

வாச்சாத்தித் தீர்ப்பை நம் தொடரின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். அந்தப் பெண்கள் மணமானவர்களா, சிறுமிகளா, மறுமணம் செய்தவர்களா என்பதைத் தாண்டி, அவர்கள் அடையாளம் காட்டிய முகங்களையும் சொன்ன சொல்லையும் நம்பியது நீதிமன்றம். 155(4)இன் காலத்தில் தொடங்கிய வழக்கு அது. நடுவில், 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த உட்பிரிவை நீக்கியிருந்தது. விக்டோரியா காலத்துச் சந்தேகம் சட்டப் புத்தகத்திலிருந்து அகல 130 ஆண்டுகள் ஆயின.

விமான நிலையத்தில் ஒரு மேசை

சந்தேகத்தை ஏற்றுமதி செய்தவர்கள் அதைத் தங்கள் வாசலிலும் வைத்திருந்தார்கள். 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓர் இந்திய ஆசிரியை வந்திறங்கினார். அங்கே வாழும் ஒருவரை மணக்க வந்தவர், வயது 35. மணப்பெண்ணாக வருபவருக்கு அன்றைய விதிப்படி முன்விசா தேவையில்லை. உண்மையிலேயே மணமாகாதவர்தானா என்று பார்க்க அவரது உடலைச் சோதித்தார்கள். இந்தியப் பெண் மணத்துக்கு முன் கன்னியாகத்தான் இருப்பாள், இல்லையென்றால் ஏற்கெனவே மணமானவள் என்பது அதிகாரிகளின் தருக்கம். பிப்ரவரி முதல் நாள் 'கார்டியன்' நாளிதழ் செய்தியை வெளியிட்டது. இந்திய அரசு கண்டித்தது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிற்பாடு ஆவணங்களைத் தோண்டியபோது, இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் சேர்த்துக் குறைந்தது 80 பெண்களுக்கு இது நடந்ததாகத் தெரிந்தது.

இதே பிரிட்டன் 1960களிலேயே தன் பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டது. மலையாளிப் பெண்ணின் மறுமணத்தைப் பார்த்து முகம் சுளித்த பேரரசு, நூறாண்டு கழித்து இந்தியப் பெண் எல்லாருமே கன்னியாக இருந்தாக வேண்டும் என்று வாசலில் நிறுத்திச் சோதித்தது. அவள் எப்படி இருந்தாலும் சந்தேகத்துக்கு உரியவள்.

நாமும் சளைத்தவர்கள் அல்ல. பெண்ணுக்கு மட்டும் விதிக்கும் கற்பை 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார் போட்டு உடைத்த மண் இது. அதே மண்ணில் 2005இல் நடிகை குஷ்பு, படித்த ஆண் தன் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாகாது என்ற பொருளில் 'இந்தியா டுடே' தமிழ் இதழில் கருத்துச் சொன்னதற்கு, 23 குற்றவியல் புகார்கள் குவிந்தன. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. கருத்துச் சொல்வது குற்றமாகாது என்று சொல்ல ஐந்தாண்டு பிடித்தது.

பேரேடு மூடப்படுகிறதா?

அதன்பின் வேகம் கூடியது. 2013இல், பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்தப் பரிந்துரைக்க அமைந்த நீதிபதி வர்மா குழு இரண்டு விரல் சோதனையை ஒழிக்கச் சொன்னது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அது பெண்ணின் தனிமையையும் மாண்பையும் மீறுவது என்றது. மருத்துவமனைகள் கேட்கவில்லை. 2018இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து, கன்னிமைச் சோதனைக்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை என்று அறிவித்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக அரசுக்கு அந்தச் சோதனையை நிறுத்த ஆணையிட்டது. அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், இனி அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்றது. 2023 பிப்ரவரியில், கொலை வழக்கு விசாரணையில் கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட கேரளக் கன்னியாஸ்திரி ஒருவரின் மனுவில், குற்றம் சாட்டப்பட்ட பெண்ணுக்கும் அதைச் செய்வது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது டெல்லி உயர் நீதிமன்றம்.

மருத்துவப் பாடத்திட்டம் கடைசியாக அசைந்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் கன்னிமை அறிகுறிகள் பற்றிய பாடத்தைத் திருத்தியது. 2024இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பழைய பகுதி மறுபடி தலைகாட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள். பேரேட்டை மூடினாலும் எடுத்து விரிக்க ஒரு கை எப்போதும் காத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜவ்வாது மலையில் இப்போது வேறு திசைக் காற்று. சாலை வந்தது, பள்ளி வந்தது, கைப்பேசி வந்தது. கூடவே சமவெளியின் பயமும் ஏறி வந்திருக்கிறது. குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அங்கே அதிகாரிகளுக்கு ஓயாத வேலை. பெண்ணின் பேர் கெடுமுன் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அடிவாரத்து நியாயம். கதவடைத்த காஞ்சிபுரம் தன் கணக்குப் புத்தகத்தை மலைக்கு அனுப்பிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடக்கிறது. 2024இல் ஜவ்வாது மலையின் மலையாளிப் பெண் ஒருவர், பிரசவமான சில நாட்களிலேயே தேர்வெழுதி உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். கையேடுகளில் பெயரில்லாமல் வர்ணிக்கப்பட்டவர்கள், வழக்குக் கட்டுகளில் பாதிக்கப்பட்டவர் எண்ணாக நின்றவர்கள், இப்போது தீர்ப்பு எழுதும் மேசைக்கு வந்திருக்கிறார்கள். இனி ஒரு பெண் சாட்சி சொல்லும்போது எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று முடிவுசெய்யும் அதிகாரத்தில் மலைக்கும் பங்குண்டு. நூற்றைம்பது ஆண்டுக் கணக்கில் இது சிறிய மாற்றம் அல்ல.

அடுத்த இதழில்: பொட்டுக்கட்டும் சடங்கும், அதைச் சட்டத்தால் நிறுத்த 1927 முதல் 1947 வரை சென்னை மாகாணத்தில் முத்துலட்சுமி ரெட்டி நடத்திய போராட்டமும், அவரை எதிர்த்து நின்ற தேவதாசிப் பெண்களின் வாதமும்.

(தொடரும்)